10,080 காரணிகள் கொண்ட எண்

67,46,32,83,88,800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துகிற எண்ணுக்கு உயர் பகு எண் என்று பெயர். ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட பட்டியலில் கடைசி எண் இதுதான். சின்ன வயதில் அவர் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்தில் இருந்தார். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு அங்கே கோர்ட்டில் வேலை. வேலை போனதும் தாயும் பிள்ளையும் கும்பகோணம் திரும்பினார்கள்.

காரணி நிறைய இருப்பதன் அருமை காஞ்சிபுரம், தென்னேரிப் பக்கத்துத் தறிக்காரருக்குச் சட்டென்று புரியும். சேலையின் உடலில் சம இடைவெளியில் புட்டா விழ வேண்டுமானால் பாவு இழைகளைச் சமபங்காகப் பிரிக்க வேண்டும். கணக்குக்காக 2,520 இழை என்று வைத்துக்கொள்வோம். 7 பங்கு, 8 பங்கு, 9 பங்கு, எப்படிப் பிரித்தாலும் ஓர் இழை மிஞ்சாது. அதற்கு 48 காரணிகள். 2,500 இழை என்றால் 15-தான். 2,503 இழை என்றால் தீர்ந்தது கதை: அது பகா எண், பங்கு போடவே முடியாது. 2,520 ஓர் உயர் பகு எண். நாளுக்கு 60 நாழிகை என்று வைத்தார்களே, அந்த 60-ம் அப்படித்தான்.

ஆறே முக்கால் லட்சம் கோடியின் காரணிகளை ஒவ்வொன்றாகவா எண்ணுவது? வேண்டாம். அதைப் பகா எண்களாக உடைத்தால் போதும்: ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் அந்த எண். ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஆறு வரை எடுக்கலாம். ஆக 7 வழி. அதேபோல 3-க்கு 5 வழி, 5-க்கும் 7-க்கும் 3 வழி, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு வழி. 7×5×3×3×2×2×2×2×2 = 10,080.

அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1… எங்கும் ஏறுவதில்லை. சிறிய பகா எண்ணைக் கூடுதலாகச் சேர்த்தால் எண் அதிகம் பெருகாது, காரணி மட்டும் கூடும். கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், 4-ம் 36-ம் மட்டும் விலக்கு என்று ராமானுஜன் நிரூபித்தார். இந்த ஆராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. போர்க்காலப் பணமுடையில் லண்டன் கணிதக் கழகம் அச்சிடாமல் விட்ட, கட்டுரையின் மீதிப் பகுதி 1997-ல்தான் வெளிவந்தது.

நூற்றுச் சொச்சம் எண்களைக் கையாலேயே கணக்கிட்டவர் ஒன்றைத் தவறவிட்டார்: 2,93,31,86,25,600. அதற்கு 5,040 காரணிகள். அதை 23-ஆல் பெருக்கினால் காரணிகள் இரட்டிக்கும். பழைய காரணி ஒவ்வொன்றும் 23-உடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை வருமல்லவா? அந்தப் பெருக்குத்தொகைதான் பட்டியலின் கடைசி எண்.