காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை

"காய்ச்சல் இறங்கிவிட்டது, இனிக் கவலையில்லை." டிங்கி கண்ட வீடுகளில் நான்காம், ஐந்தாம் நாளில் கேட்கும் பேச்சு இது. அப்படியானால் அதன் பிறகும் மருத்துவர் ஏன் தினமும் இரத்தம் எடுக்கிறார் என்று கலந்துரையாடலில் பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். பதில் நமது வெள்ளையணுக்களிடம் இருக்கிறது.

ஏடிஸ் கொசு கடித்ததும் உடலில் புகும் டிங்கி வைரஸ், கிருமிகளை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்களுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. போலீஸ் நிலையத்திலேயே திருடன் தங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! தாக்கப்பட்ட அணுக்கள் 'இண்டர்ஃபெரோன்' போன்ற இரசாயனங்களை வெளியிட்டு மற்ற அணுக்களை உஷார்ப்படுத்துகின்றன. நம்மை வாட்டும் காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் இந்த எச்சரிக்கையின் விளைவுகளே. பிறகு 'டி' அணுக்கள் வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடி அழிக்கின்றன. 'பி' அணுக்கள் ஆண்டிபாடி எனும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன.

காய்ச்சல் விடும்போது இரத்தத்தில் வைரஸ் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால், போராட்டத்தில் கொட்டிய இரசாயனங்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்களைத் தளர்த்திவிடுகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, இரத்தம் கெட்டியாகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கலாம். அதனால்தான் மருத்துவர் பிளேட்லெட் எண்ணிக்கையோடு, இரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதைக் காட்டும் 'ஹெமட்டோகிரிட்' அளவையும் பார்க்கிறார். நாமோ பிளேட்லெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பப்பாளி இலையைத் தேடி ஓடுகிறோம்!

ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா என்றால், டிங்கியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அதே வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு. வேறு வகை வரும்போது, பழைய ஆண்டிபாடிகள் வைரஸில் ஒட்டிக்கொண்டாலும் அதை முடக்க முடியாமல் போகலாம். அப்படி ஒட்டியதே வைரஸ் வெள்ளையணுக்குள் எளிதாக நுழைய வழிவிட்டு விடுகிறது. இரண்டாம் முறை டிங்கி கண்ட பிள்ளைகளுக்கு நோய் கடுமையாவதை 1960-களில் பேங்காக்கில் கவனித்தவர் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட்.

பிலிப்பைன்ஸ் இதை வேறு விதமாக அனுபவித்தது. அங்கு 2016-இல் தொடங்கிய திட்டத்தில் 8 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு 'டெங்வாக்சியா' தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டிங்கியே வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசி முதல் தொற்றைப் போல அமைந்து, பின்னர் வரும் டிங்கியைக் கடுமையாக்கக்கூடும் என 2017 நவம்பரில் தயாரிப்பாளரே அறிவித்தார். திட்டம் நிறுத்தப்பட்டது.

ஆகவே, முன்பு டிங்கி வந்திருந்தால் கிளினிக்கில் மறவாமல் சொல்லுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு, கைகால் சில்லிடுதல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வலிக்கு அஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ வேண்டாம். அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும்.