தொண்டை கட்டிய கணினி

வீணையில் ஒரு மீட்டு முடிந்து நாதம் தேய்ந்து அடங்கும் அந்த இரண்டு மூன்று நொடிகள்தான் எந்த ஒலிக்கருவிக்கும் சரியான சோதனை. பழைய ராஸ்பெரி பை ஒன்றின் ஹெட்போன் துளையில் ஸ்பீக்கரைச் செருகி அதைக் கேட்டுப் பாருங்கள். நாதம் அடங்குவதற்குள் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் எழுந்து அதை மூடிவிடும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான இந்தக் குட்டிக் கணினி 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வந்தது. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகவேண்டும் என்பதுதான் நோக்கம். பாட்டு வெறும் கொசுறு. பாட்டுக் கோப்பில் இருப்பவை எண்கள். அவற்றை மின்னழுத்தமாக மாற்ற ‘டேக்’ எனப்படும் சிப் வேண்டும். ஹெட்போன் துளைக்கென்று அப்படி ஒரு சிப்பைப் பையில் வைக்கவில்லை.

பதிலுக்கு ஒரு தந்திரம் செய்தார்கள். விளக்கை மகா வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்தால் அது மங்கலாக எரிவதுபோல் தெரியும். எரியும் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சமும் கூடும். பையின் செயலியும் மின்சாரத்தை இப்படித்தான் விட்டு விட்டு அனுப்புகிறது. சில மின்தடைகளும் மின்தேக்கிகளும் அந்தத் துடிப்புகளை நிரவி ஒலியலை ஆக்குகின்றன.

கணக்குதான் இடிக்கிறது. துடிப்புக்கான கடிகாரம் நொடிக்குச் சுமார் 10 கோடி முறை அடிக்கிறது. ஒலிக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள் வேண்டும். வகுத்தால் மாதிரிக்கு ஏறக்குறைய 2,000 படிகள், அதாவது 11 பிட். சி.டி.யில் இருப்பது 16 பிட், 65,536 படிகள்! உரத்த தவிலுக்கு 2,000 படி தாராளம். தேய்ந்துகொண்டிருக்கும் வீணைக்குக் கடைசியில் மிஞ்சுவது பத்திருபது படிதான். போதாக்குறைக்கு, துடிப்பின் உயரம் மின்வழங்கலைப் பொறுத்தது. அங்கே ஆட்டம் இருந்தால் பாட்டிலும் இருக்கும். 2014இல் வந்த ‘பி பிளஸ்’ பையில் ஒலிப் பகுதிக்குத் தனி மின்வழங்கல் கொடுத்தார்கள். பிறகு வந்த மென்பொருள், இரைச்சலைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளி நிலைமையைக் கணிசமாகத் தேற்றியது. 2023இன் பை 5இல் துளையையே எடுத்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது, ஒருவகையில்!

நல்ல ஒலிக்கான வழி பலகையின் ஓரத்து 40 பின்களில் இருக்கிறது. அவற்றில் மூன்று, பிலிப்ஸ் நிறுவனம் 1986இல் வகுத்த ‘ஐ2எஸ்’ முறையில் ஒலியை வெளியே அனுப்புகின்றன. ஒரு கம்பி தாளம் போடும். ஒன்று இடமா வலமா என்று சொல்லும். மூன்றாவதில் எண்கள் போகும். பிசிஎம்5102 போன்ற டேக் சிப் பொருத்திய அட்டையைப் பின்களின் மேல் தொப்பிபோல் அழுத்தி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. பற்றவைப்பு தேவையில்லை. பையிலிருந்து வெளியேறும்வரை எண் எண்ணாகவே இருக்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம்.

இதற்கு மேலும் போகலாம். பழைய பைகளின் கடிகாரப் படிகம் 19.2 மெகாஹெர்ட்ஸ். சி.டி.யில் நொடிக்கு 44,100 மாதிரிகள்; அந்த எண்ணால் அது மீதியில்லாமல் வகுபடாது. அதனால் சில துடிப்புகள் இம்மி முந்தும், சில பிந்தும். விலை கூடிய அட்டைகள் சொந்தமாக இரண்டு படிகங்களைச் சுமக்கின்றன: 44,100இன் 512 மடங்கான 22.5792 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 48,000இன் 512 மடங்கான 24.576 மெகாஹெர்ட்ஸ் மற்றொன்று. தாளத்தை அட்டை போட, பை பின்தொடரும். அழகான ஏற்பாடு. ஆனால் என் காதுக்கு இந்த வித்தியாசம் எட்டியதில்லை. சாதாரண டேக் அட்டை தந்த மாற்றம் முதல் நிமிடத்திலேயே கேட்டது.

விலை கூடிய அட்டைக்கான காசை நல்ல அடாப்டருக்குக் கொடுக்கலாம். மலிவான போன் சார்ஜர் போட்டால் மின்னழுத்தம் சரிந்து பாட்டு திக்கும். அடாப்டரை மாற்றியும் ஆம்ப்ளிஃபையரில் ‘ம்ம்’ என்ற ரீங்காரம் நின்றபாடில்லை என்றால், பைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் எர்த் வெவ்வேறு வழியில் போகிறதா என்று பாருங்கள். ஒரே பிளக் பலகையில் செருகினாலே பலமுறை அடங்கிவிடும்.

அட்டை வாங்கும்வரை, செலவே இல்லாத ஒரு திருத்தம் உண்டு. பையில் ஒலியளவை முழுதாக வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரில் குறையுங்கள். மென்பொருளில் ஒலியைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட் போகிறது; இருப்பதே பதினொன்று.