திறப்பில்லாத இரும்பு அலுமாரி

கிராமத்துச் சங்கம் ஒன்றைக் கட்டியெழுப்பப் பணமும் ஆட்களும் மட்டும் போதா. கூட்டறிக்கைப் புத்தகம், காசுப் புத்தகம், அங்கத்தவர்களின் சேமிப்புப் புத்தகங்கள், கடன் விண்ணப்பங்கள், பற்றுச்சீட்டுக் கட்டுகள் என்பவற்றை வைத்துப் பூட்ட ஓர் இடம் வேண்டும். மர அலுமாரியைக் கறையான் தின்கிறது. செயலாளரின் வீட்டுப் பெட்டியில் வைத்தால் நல்ல மனிதர்மீதும் நாலு பேருக்குச் சந்தேகம் வருகிறது. ஆகவே பொது இடத்தில் ஓர் இரும்பு அலுமாரி வேண்டும் என்பதே கண்டாவளைப் பக்கத்துச் சங்கங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கோரிக்கை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதிய இரும்பு அலுமாரியின் விலை சிறிய சங்கங்களின் கைக்கு எட்டாததாகிவிட்டது. எனவே பழையது தேடுகிறார்கள். மூடப்பட்ட அலுவலகங்களின் தளபாடங்கள் ஏலத்துக்கு வருகின்றன. வேலைத்திட்டம் முடிந்து போன நிறுவனங்களின் பொருட்கள் கைமாறுகின்றன. பழைய இரும்புக் கடைகளிலும் நல்ல அலுமாரிகள் கிடக்கின்றன. விலை குறைவு, தகடு தடிப்பு, ஒரே ஒரு குறை: பூட்டியபடி கிடக்கிறது, திறப்பைக் காணவில்லை.

அடுத்த கட்டத்தில் அநேகமாக எவராவது அலவாங்கு கொண்டுவருகிறார். கதவு நெளிகிறது, சட்டம் வளைகிறது, பிறகு அந்த அலுமாரி ஒருபோதும் சரியாகப் பூட்டுவதில்லை. அங்கத்தவர்களின் சந்தாப் பணத்தில் வாங்கிய பொருள் அரை மணி நேரத்தில் பழைய இரும்பாகிறது. இதைத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரையில் தருகிறோம்.

முதலில் உரிமை, பிறகு பூட்டு

பூட்டில் கை வைக்குமுன் அலுமாரி சங்கத்துக்குச் சொந்தமானது என்பதற்கு எழுத்தில் சான்று இருக்க வேண்டும். ஏலத்தில் வாங்கியதாயின் ஏலப் பற்றுச்சீட்டு, கடையில் வாங்கியதாயின் கடைக்காரரின் பற்றுச்சீட்டு, நன்கொடையாயின் கொடுத்தவரின் கடிதம். “பூட்டிய நிலையில், திறப்பின்றிப் பெறப்பட்டது” என்று அதில் ஒரு வரி எழுதுவித்துக் கொள்வது நல்லது. திறக்கும் நாளில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரில் இருவராவது உடனிருக்க வேண்டும். தனியே ஒருவர் திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் கதை பிறக்கும்.

இன்னொன்றை வன்னியில் அழுத்திச் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட வளவுகளிலும் பற்றைகளிலும் இடிந்த கட்டடங்களிலும் கிடக்கும் பூட்டிய பெட்டியையோ அலுமாரியையோ ஒருபோதும் அசைக்கவோ தட்டவோ திறக்கவோ வேண்டாம். 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னும் வெடிபொருட்கள் மண்ணில் எஞ்சியிருந்தன. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கைகால் இழந்தவர்களை நாம் அறிவோம். அப்படியான பொருளைக் கண்டால் விலகி நின்று, இடத்தை அடையாளப்படுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க வேண்டும். இக்கட்டுரையில் சொல்லப்படுபவை, வந்த வழி தெரிந்த, அலுவலகத்தில் பாவித்த அலுமாரிகளுக்கு மட்டுமே.

பூட்டின் வகையை அறிதல்

அலுமாரி என்பது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. அலவாங்கும் போர்த்துக்கீசச் சொல்லே. தமிழகத்தார் சொல்லும் சாவியும் அப்படித்தான். நாமோ திறப்பு என்று நல்ல தமிழில் சொல்கிறோம். திறப்பு இல்லாதபோது பூட்டின் இயல்பை அறிவதே முதல் திறப்பு.

எமது பகுதிகளில் பெரும்பாலும் மூன்று வகை காணப்படும். முதலாவது, நான்கு லாச்சிகள் உள்ள கோவைக் கபினெற். கோவைகளை நிறுத்தி அடுக்கும் இம்முறை 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டு, பின்னர் உலகெங்கும் அலுவலகங்களுக்குப் பரவியது. இதன் மேல் மூலையில் ஒரு சிறு பூட்டு இருக்கும். அதை விரலால் உள்ளே அமர்த்தினால், உள்ளே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு சட்டம் நகர்ந்து நான்கு லாச்சிகளையும் ஒருங்கே பிடித்துக் கொள்ளும். அதாவது பூட்டு ஒன்று, பிடிப்புகள் நான்கு.

இரண்டாவது, இரட்டைக் கதவு அலுமாரி. கைபிடியைத் திருப்பும்போது உள்ளேயுள்ள கம்பிகள் மேலும் கீழும் ஓடிக் கதவைப் பிடிக்கும் அல்லது விடும். பூட்டு அந்தக் கைபிடியைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. 1897இல் பம்பாயில் பூட்டுச் செய்பவர்களாகத் தொடங்கிய கொட்றேஜ் நிறுவனத்தார் 1923 முதல் செய்துவந்த அலுமாரிகள் இவ்வினத்தில் பெயர் பெற்றவை.

மூன்றாவது, சிறிய தட்டுப் பெட்டிகளிலும் மேசை லாச்சிகளிலும் உள்ள நாக்குப் பூட்டு. திறப்பைத் திருப்பும்போது பின்னாலுள்ள ஒரு தகட்டு நாக்கு திரும்பும், அவ்வளவுதான். தடித்த சுவருள்ள காசுப் பெட்டகங்கள் வேறு சாதி. அவற்றை அறிந்தவரிடமே விட வேண்டும்.

திறக்கும் ஒழுங்கு

சேதம் இல்லாத வழியில் தொடங்கி, சிறு சேதமுள்ள வழிக்கு ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். கீழே உள்ள ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

1. உண்மையில் பூட்டித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல கோவைக் கபினெற்றுகளில் ஒரு நேரத்தில் ஒரு லாச்சியே திறக்கும். ஒன்று அரை அங்குலம் வெளியே நின்றாலும் மற்றவை அசையா. எல்லா லாச்சிகளையும் நன்றாக உள்ளே தள்ளிவிட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நிரம்பிய கோவை ஒன்று மேலே முட்டி நிற்பதும் உண்டு. மெல்லிய இரும்பு அடிமட்டத்தை இடுக்கால் விட்டுக் காகிதத்தைக் கீழே அமர்த்தலாம்.

2. விற்றவரிடம் மீண்டும் கேளுங்கள். திறப்பு வேறொரு கோர்வையில் தொங்கிக் கொண்டிருக்கலாம். அலுமாரியின் அடிப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒட்டி வைத்திருப்பதும் உண்டு.

3. பூட்டின் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சிறிய எழுத்தும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கலாம். அது திறப்பின் இலக்கம். அதைக் குறித்துக் கொண்டு போனால், திறப்பு வெட்டுபவர் சில வேளை அலுமாரியைப் பார்க்காமலே திறப்பைச் செய்து தருவார். ஒரே வகைக் கபினெற்றுகள் பலவற்றுக்கு ஒரே திறப்புப் பொருந்துவதும் உண்டு. அயல் பாடசாலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அதே வகை இருந்தால், பொறுப்பாளரின் முன்னிலையில் அவர்களின் திறப்பைப் போட்டுப் பார்க்கலாம்.

4. கறளை இளக்குங்கள். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளைப் பிரதேசமும் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறக்கவில்லை. நீரில் நின்ற அலுமாரிகளின் பூட்டுகள் உள்ளே கறள் பிடித்திருக்கும். சிறிது மண்ணெண்ணெயோ, கறள் இளக்கும் எண்ணெயோ விட்டு ஓர் இரவு விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் தடித்துத் தூசியைப் பிடிக்கும். இளகிய பின் பென்சில் கரியைச் சுரண்டித் தூளாக்கி இட்டால் பூட்டு இலகுவாக ஓடும்.

5. கோவைக் கபினெற்றாயின் பின்பக்கமாகச் சரித்துப் பாருங்கள். பல வகைகளில் பிடிக்கும் சட்டம் தன் பாரத்தாலேயே கீழே நிற்கிறது. கபினெற்றைப் பின்னால் சரித்து, அடியிலுள்ள திறந்த பகுதியால் அந்தச் சட்டத்தை மேலே தள்ளினால் லாச்சிகள் விடுபடும். இதற்கு மூவர் வேண்டும். இருவர் பிடிக்க, ஒருவர் தள்ள வேண்டும். லாச்சிகள் திடீரென வெளியே ஓடி வந்தால் முழுக் கபினெற்றும் குடைசாயும். நிரம்பிய கபினெற் ஓர் ஆளைவிடப் பாரமானது. அடியில் மரக்கட்டை வைத்துவிட்டே கையை விட வேண்டும். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

6. இரட்டைக் கதவாயின் கைபிடியைக் கவனியுங்கள். கைபிடி தாராளமாகத் திரும்பியும் கதவு வராவிட்டால் குற்றம் பூட்டில் இல்லை. உள்ளேயுள்ள கம்பி கழன்றிருக்கலாம் அல்லது இறுகியிருக்கலாம். நிலம் சமமில்லாமல் அலுமாரி முறுகி நின்றாலும் இப்படி நேரும். கால்களைச் சமப்படுத்தி, கதவின் மேல் மூலையையும் கீழ் மூலையையும் உள்ளே அமர்த்தியபடி கைபிடியைத் திருப்பிப் பாருங்கள். கைபிடியே திரும்பாவிட்டால் திறப்பு வெட்டுபவரை அழையுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வளைந்த கதவைவிட மலிவு.

7. எல்லாம் தவறினால் மட்டும் துளையிடுங்கள். இது கோவைக் கபினெற்றின் சிறு பூட்டுக்கும் நாக்குப் பூட்டுக்கும் பொருந்தும். திறப்புத் துவாரத்தின் மேல் விளிம்பில் ஆணியால் ஓர் அடையாளம் குத்தி, முதலில் 3 மில்லிமீற்றர் அலகாலும் பின்னர் 6 மில்லிமீற்றர் அலகாலும் மெதுவாகத் துளையுங்கள். உள்ளே திறப்பின் வெட்டுகளுக்கு ஏற்ப நிற்கும் சிறு தகடுகள் உடைந்ததும் பூட்டைத் தட்டைத் திருப்புளியால் திருப்பலாம். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பூட்டு மட்டுமே அழியும், அலுமாரி தப்பும்.

தீப்பொறி பறக்க வெட்டும் இயந்திரத்தையும் எரிவாயு வெட்டியையும் பாவிக்க வேண்டாம். உள்ளே காகிதம் இருந்தால் திறக்குமுன் அது சாம்பலாகும். பின்தகட்டை வெட்டித் திறப்பதும் வேண்டாம். அந்தத் தகடே அலுமாரியை நேராக நிறுத்துகிறது.

உள்ளே இருப்பது யாருடையது?

பரந்தன் முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்தில், மாதர் சங்கம் வாங்கிய கோவைக் கபினெற்றைத் திறந்தபோது நாமும் உடனிருந்தோம். அலவாங்கு ஏற்கெனவே சுவரில் சாத்தியிருந்தது. முன்னர் அலுவலகமொன்றில் வேலை செய்த ஒரு முதியவர் அதை எடுத்து வெளியே வைத்தார். “பொறுங்கோ பிள்ளையள். உடைக்கிறதுக்கு எப்பவும் நேரம் இருக்கு” என்றார். ஐந்தாவது படியிலேயே காரியம் முடிந்தது.

மூன்றாவது லாச்சியில் ஒரு கோவை இருந்தது. வேறொரு கிராமத்து மக்களின் வீட்டு உதவி விண்ணப்பங்களும், அவற்றோடு இணைத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளும் காணி அனுமதிப்பத்திரப் பிரதிகளும், இரண்டொரு மூலப் பத்திரங்களும் அதில் இருந்தன. உதவிக்கு வந்த ஒருவர், பழைய கடதாசிகளை எரித்துவிடலாம் என்றார். பொருளாளர் சம்மதிக்கவில்லை. “எரிக்கிறது லேசு அண்ணை. திருப்பி எடுக்கிறதுதான் பாடு. நான் அலைஞ்சு பார்த்தனான்” என்றார்.

அவர் சொன்னதில் இந்தப் பிரதேசத்தின் வரலாறே இருக்கிறது. 2009 ஜனவரியில் கிளிநொச்சியிலிருந்தும் பரந்தனிலிருந்தும் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்த மக்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளைக் கைவிட்டார்கள். கடைசிவரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனது அநேகமாக ஒரு பொலித்தீன் பையில் சுற்றிய பத்திரங்களைத்தான். அதையும் இழந்தவர்கள் அநேகர். முகாம்களிலிருந்து மீளக் குடியமர்ந்த பின்னர், தாம் யார், தம் காணி எது, தம் பிள்ளை எப்போது பிறந்தது என்பதை நிரூபிக்க அவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கினார்கள். ஒரு காகிதத்தின் விலை இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுபோல் வேறு எவருக்கும் தெரியாது.

அன்று அந்தப் பெண்கள் ஒவ்வொரு பத்திரத்தையும் பட்டியலிட்டார்கள். பட்டியலின் ஒரு பிரதியைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஒட்டினார்கள். பத்திரங்களைக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டும் பெற்றார்கள். எல்லாச் சங்கங்களும் பின்பற்றத் தக்க முறை இது. அலுமாரியை வாங்கியதால் அதற்குள் இருக்கும் மற்றவரின் பத்திரமோ பணமோ நகையோ எமதாகிவிடாது. பிறர் பொருளை எமதாக்குவது மனச்சாட்சிக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் விரோதம்.

பூட்டு எவ்வளவு காவல்?

திறந்தபின் புதுப் பூட்டுப் போட வேண்டும். பழைய பூட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள். பழைய பூட்டே நல்ல நிலையில் இருந்து திறப்பும் கிடைத்தால்கூட, அந்தத் திறப்பின் பிரதி எத்தனை பேரிடம் இருக்கிறதென்று தெரியாது. மாற்றுவதே புத்தி.

1851இல் இலண்டனில் நடந்த மகா கண்காட்சியின்போது அல்பிரட் ஹொப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர், எவராலும் திறக்க முடியாதென்று நம்பப்பட்ட சப் நிறுவனப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். 1790 முதல் கடை யன்னலில் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும் 16 நாட்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் முயன்று திறந்து, 200 கினி பரிசு பெற்றார். இதையெல்லாம் வெளியே சொன்னால் திருடர் பழகிவிடுவார்கள் என்று அப்போது பலர் குறைப்பட்டனர். திருடருக்கு இவை முன்பே தெரியும், தெரியாதிருப்பவர் உடைமைக்காரர்தான் என்பது ஹொப்ஸின் வாதம். நாமும் அப்படியே எண்ணுகிறோம்.

பூட்டு திருடனைச் சற்றுத் தாமதப்படுத்தும். அதற்குமேல் காப்பது சங்கத்தின் ஒழுங்கு. திறப்புகள் இரண்டும் இரு வேறு வீடுகளில் இருக்கட்டும். யாரிடம் இருக்கின்றன என்பது கூட்டறிக்கையில் பதியப்படட்டும். நிர்வாகம் மாறும் நாளில் திறப்பும் எல்லோர் முன்னிலையிலும் கைமாறட்டும். திறப்பின் இலக்கத்தை ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். பணத்தை அலுமாரியில் வைக்காமல் வங்கியில் இடுங்கள். அலுமாரியைக் கல்லின்மேல் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் அது உதவும். முக்கிய பத்திரங்களின் பிரதிகளை வேறோர் இடத்திலும் பேணுங்கள்.

துருப்பிடிப்பதையும் திருடர் கன்னமிடுவதையும் பற்றி ஆண்டவர் பேசியதை நாம் ஞாயிறு தோறும் கேட்பவர்கள். அது பொருளின்மீது பற்று வைக்காதே என்று சொல்வது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கவனமின்றி விடு என்று சொல்வதல்ல. ஒரு விதவைத் தாய் மாதாமாதம் கொண்டுவந்து கட்டும் சேமிப்பின் கணக்கு அந்த லாச்சிக்குள் இருக்கிறது. அதை அவர் கேட்கும் நாளில் எடுத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அலவாங்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பொறுமையாகத் திறக்கச் சொல்வதும் அதற்காகவே.