ஹீமோபிலியா உள்ளவருக்குக் காயமே இல்லாமல் மூட்டு ஏன் வலிக்கிறது?

ரத்தத்தை உறையவைக்கும் 8ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. 9ஆம் காரணி குறைந்தால் பி. நோய் கடுமையாக இருந்தால், அடிபடாமலே முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் ரத்தம் கசியும். அந்த ரத்தத்திலுள்ள இரும்பு மூட்டின் உள்சவ்வில் படிந்து அழற்சியைக் கிளப்புகிறது. சவ்வு தடிக்கிறது, எளிதில் உடையும் புதிய நுண்குழாய்கள் அதில் முளைத்து மறுபடி கசிகின்றன. குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. சிறுவயதில் தடுப்பு மருந்து கிடைக்காத பலர் இருபதுகளிலேயே முதியவரின் மூட்டோடு நடப்பது இதனால்தான்.

ஆக, வலி இரண்டு வகை. புதுக்கசிவில் முதலில் ஒரு குறுகுறுப்பு, பிறகு சூடு, வீக்கம். உடனே காரணி ஊசி வேண்டும். பழைய தேய்மான வலிக்கு அந்த ஊசி பெரிதாக உதவாது. இயன்முறைப் பயிற்சி உதவும். இரண்டையும் பிரித்தறிவது நோயாளிக்கே கடினம். சந்தேகம் வந்தால் கசிவென்றே கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, அது கசிவைக் கூட்டும்.

வலிக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் தசை மெலிந்து, மூட்டு தாங்கலை இழக்கும். அதனால்தான் மருத்துவர்கள் நீச்சலைச் சொல்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று வலியை மறைக்கும் இளைஞர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது; மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்பது அவர்கள் உரிமை.