நீரிழிவு ஆய்வில் எலிகள்

கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் குறைவதாலோ, சுரந்தும் உடல் திசுக்கள் அதற்கு இணங்காமல் போவதாலோ நீரிழிவு உண்டாகிறது. எலியின் உடலிலும் இதே ஏற்பாடு அமைந்திருப்பதாலும், அதன் வாழ்நாள் குறுகியதாகையால் நோயின் முழுப் போக்கையும் விரைவில் காண முடிவதாலும், அது 'மாதிரி விலங்கு', அதாவது மனிதனுக்கு முன் சோதிக்கப்படும் உயிரி, என ஆய்வகங்களில் பயன்படுகிறது.

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்திப் பீட்டா செல்களை அழித்தால் முதல் வகை நீரிழிவை ஒத்த நிலை தோன்றும். கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து, அப்பொருளைச் சிறிதளவே செலுத்தினால் இரண்டாம் வகையை ஒத்த நிலை உருவாகும்.

மருந்தின்றி இயல்பாகவே இக்குறைபாடு கொண்ட எலிகளும் உண்டு. குன்னூரில் 1918இல் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஸ்டார் என்னும் ஆய்வக வகை எலிகளிடையே 1990களில் மரபணு மாற்றத்தால் மிகப் பருமனான இரு கிளைகள் தோன்றின. அவற்றுள் ஒன்றுக்குக் குளுக்கோஸைக் கையாளும் திறனும் குன்றியிருந்தது.

கடம்பூர், கோவில்பட்டிக் கரிசலில் விளையும் கம்பு, குதிரைவாலி போன்ற தானியங்கள் இரத்தச் சர்க்கரையை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராயவும் இத்தகைய எலிகள் உதவும். ஆயினும், எலி இரவில் இரைதேடும் உயிரி என்பதாலும், அதன் கணையத்தில் செல்கள் அடுக்கப்பட்டுள்ள விதம் மனிதனுடையதிலிருந்து வேறுபடுவதாலும், எலியிடம் கண்ட பலன் மனிதரிடமும் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே சிகிச்சையாக ஏற்கப்படும்.