மூளைக் காய்ச்சலும் முதுகு நீரும்

மூளைக் காய்ச்சல் என்னும் சொல்லை நாம் யாவரும் அறிவோம். நம் பாட்டிமார் இதனையே ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்பர். காய்ச்சலோடு நினைவு தடுமாறி, கழுத்து விறைத்து, கைகால் வெட்டி இழுக்கும் நிலைமை எதுவாயினும் இப்பெயர்களுள் ஒன்றைச் சூட்டிவிடுகிறோம். ஆனால் டாக்டர்களைக் கேட்டால், இது ஒரு நோயன்று, பல நோய்களுக்குப் பொதுவான தோற்றம் என்பார்கள். அவற்றுள் சில, உரிய மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் குணமாகக் கூடியவை. வேறு சிலவற்றிற்குத் தனி மருந்தே இல்லை. இன்ன நோய் என்று பிரித்தறிவதில்தான் நோயாளியின் உயிர் தங்கியுள்ளது. அப்படிப் பிரித்தறியும் வழி யாது, அதில் குடும்பத்தாரின் கடமை யாது என்பனவற்றை இங்குக் காண்போம்.

நான் மருத்துவன் அல்லேன், மொழிபெயர்ப்பாளன். ஹைதராபாத்தை அடுத்துள்ள பட்டான்செருவில் வசிக்கிறேன். மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த அவ்வூரின் தொழிற்பேட்டையை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குடும்பம் ஒன்றில் ஆறு வயதுப் பையன் இரண்டு வாரமாகக் காய்ச்சலும் தலைவலியுமாகக் கிடந்தான். பின்னர் வாந்தி கண்டது; அழைத்தால் பதில் சொல்லாமல் மயங்கத் தொடங்கினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பேசினார். பையனின் தகப்பனாருக்குத் தமிழ் ஒன்றுதான் தெரியும். ஆகவே என்னைத் துணைக்கு அழைத்திருந்தார்.

‘லம்பர் பங்க்சர்’ செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நான் அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, “முதுகெலும்பினிடையே துளை போட வேண்டுமாம்” என்று கூறிவிட்டேன். தகப்பனாரின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயா, முதுகிலே துளை போட்டால் பிள்ளைக்குக் கால் விளங்காமல் போய்விடுமே! வேண்டாம், ஐயா” என்று சொல்லி, சம்மதக் கையெழுத்திட மறுத்துவிட்டார். முழுமையாக ஒரு நாள் வீணாயிற்று. அந்த ஒரு நாளுக்கு என் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம் என்பதை நான் மறக்கவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதையே இன்று எழுதுகிறேன்.

மூளையும் அதிலிருந்து முதுகெலும்பின் உள்ளே வால்போல் இறங்கும் தண்டுவடமும் மெல்லிய உறைகளால் போர்த்தப்பட்டுள்ளன. அவ்வுறைகளுக்கு இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்தவர் உடலில் இது சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாக ஊறி, பழையது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. கிருமி உறையைத் தாக்கினால் அது மூளை உறை அழற்சி. மூளையையே தாக்கினால் மூளை அழற்சி. இரண்டையும் சேர்த்தே நாம் மூளைக் காய்ச்சல் என்கிறோம். எது நேர்ந்தாலும் அதன் அடையாளம் பெரும்பாலும் அந்த நீரில் தென்படும்.

அந்த நீரை முதுகின் அடிப்பகுதியிலிருந்து ஊசியால் எடுக்கும் முறையை ஜெர்மனி நாட்டு டாக்டர் ஹைன்ரிச் குவிங்கே 1891-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை நீள்வதில்லை. வளர்ந்தவர்க்கு இடுப்புப் பகுதியின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. குழந்தைகளுக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஊசி செல்லும் இடமோ அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகளே உள்ளன. எடுக்கப்படும் நீரும் சில மில்லிலிட்டர்தான். அது விரைவில் மீண்டும் ஊறிவிடும். பின்னர்ச் சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி இருக்கலாம். கால் விளங்காமல் போகும் என்னும் அச்சத்திற்கு இடமில்லை. மூளையினுள் அழுத்தம் மிகுந்திருப்பதாக ஐயம் எழுந்தால், டாக்டர் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரே ஊசியைக் கையிலெடுப்பார்.

சரி, அந்த நீர் என்ன சொல்லுகிறது? நலமுள்ளவரின் முதுகு நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். அதில் வெள்ளணுக்கள் மிக அரிது. சர்க்கரை இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சீழ் உண்டாக்கும் பாக்டீரியா புகுந்துவிட்டால் நீர் கலங்கும், வெள்ளணுக்கள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ பெருகும், சர்க்கரை வற்றிப்போகும். இவ்வகை மிகக் கடுமையானது. ஒரு பகலுக்குள் உயிரைக் குடிக்க வல்லது. ஆயினும் செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற மருந்துகளை உடனே நரம்பு வழியாகச் செலுத்தினால் பலர் பிழைப்பர். ஊசி எடுக்கத் தாமதமாகுமானால் டாக்டர்கள் இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மருந்தை முதலில் தொடங்கிவிடுவார்கள். சோதனை காத்திருக்கலாம், மருந்து காத்திருக்கலாகாது.

காசநோய்க் கிருமி உறையைத் தாக்கும் வகை வேறு. இது மெல்ல வருவது. வாரக்கணக்கில் இளங்காய்ச்சல், உற்சாகக் குறைவு, தலைவலி, பின்னர் வாந்தி, மயக்கம் என்று படிப்படியாக ஏறும். நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம்; வைத்திருந்தால் சிலந்தி வலைபோல் ஒரு படலம் கட்டுவதுண்டு. புரதம் மிகுந்தும் சர்க்கரை குறைந்தும் இருக்கும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும் வரை இதற்கு ஆளானவர்கள் அநேகமாகத் தப்பியதே இல்லை. இன்று ஐசோனியாஸிட், ரிஃபாம்பிசின் முதலிய மருந்துகளை ஏறத்தாழ ஓராண்டு விடாமல் கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினவர்க்கும், மயங்கிய பின் தொடங்கினவர்க்கும் பலனில் மிகுந்த வேற்றுமை உண்டு.

மூன்றாவது வகை வைரஸால் வருவது. இதில் நீர் தெளிந்திருக்கும். சர்க்கரையும் பெரும்பாலும் குறையாது. இவ்வகையில் ஹெர்ப்பிஸ் வைரஸுக்கு மட்டும் அசைக்ளோவிர் என்னும் நல்ல மருந்து உண்டு. அதுவும் காலத்தில் கொடுத்தால்தான் பயன்படும். மற்றும் பலவற்றிற்குத் தனி மருந்து இல்லை. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி இத்தகையது. நம் நாட்டில் மனிதரிடம் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது 1955-இல், தமிழ்நாட்டு வேலூரில். நெல்வயலில் தேங்கிய நீரில் பெருகும் கொசு, பன்றிகளிடமிருந்தும் கொக்கு, நாரை இனங்களிடமிருந்தும் இக்கிருமியை மனிதருக்குக் கொணர்கிறது.

நான் வாழும் தெலங்கானாப் பகுதிக்கு நினைவில் நிற்பது மற்றொரு பெயர்: சண்டிப்புரா. 1965-இல் நாகபுரிக்கு அருகிலுள்ள அப்பெயர் கொண்ட சிற்றூரில், காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தில் இந்த வைரஸ் அறியப்பட்டது. மணல் ஈ என்னும் சிறு பூச்சியால் பரவுவது. 2003-ஆம் ஆண்டில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் கரீம்நகர், வாரங்கல் முதலிய மாவட்டங்களில் 329 குழந்தைகளுக்கு மூளை அழற்சி கண்டது. 183 குழந்தைகள் மாண்டனர். காலையில் காய்ச்சல், அடுத்த நாளுக்குள் மரணம் என்று முடிந்த வீடுகள் உண்டு.

மருந்தில்லாத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வலிப்பை நிறுத்துவதும், மூளை வீக்கத்தைத் தணிப்பதும், மூச்சையும் இரத்தச் சர்க்கரையையும் காப்பதும் அங்கேதான் இயலும். அன்றியும், வைரஸ் நோய்போல் தோன்றுவது மூளையைத் தாக்கிய மலேரியாவாக இருக்கலாம். அல்லது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மலேரியாவை இரத்தச் சோதனை காட்டிவிடும். 1897-இல் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது எங்கள் செகந்திராபாத்தில்தான். உண்ணிக் காய்ச்சலில் அக்குள், தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரிய பொருக்கு சிலருக்குக் காணப்படும். இவ்விரண்டிற்கும் மருந்து உண்டு.

ஆகவே வீட்டார் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: காய்ச்சலோடு கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, மோவாயை மார்பில் தொடச் செய்ய முடியாதபடி கழுத்து விறைத்தல், வெளிச்சம் பொறாமை, பிதற்றல், இயல்பு மாறிய நடத்தை, வலிப்பு, தட்டினாலும் எழாத உறக்கம். கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், இடைவிடாத சிணுங்கல், துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவையே அவர்களிடம் எச்சரிக்கை. முதியவர்களிடமும் நோய் வெறும் மனக்குழப்பமாக மட்டும் தோன்றலாம். காய்ச்சலோடு அறிவு மாறினால் விடியும் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

வலிப்பு வந்தவரை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்தல் போதும். வாயில் கரண்டி நுழைப்பதும், கையில் இரும்புச் சாவி திணிப்பதும், நினைவற்றவர்க்கு நீரோ கஷாயமோ புகட்டுவதும் கூடா. காய்ச்சல் என்று தொடங்கியது, முன்பு உட்கொண்ட மருந்துகள் எவை என்பனவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அரைகுறையாகத் தின்ற மாத்திரைகள் முதுகு நீரில் கிருமியை மறைத்துவிடக் கூடும்.

வருமுன் காத்தலும் நம் கையில் உள்ளது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., கடுமையான குழந்தைக் காசநோயைத் தடுக்கிறது. ஹிப், நியூமோகாக்கஸ் கிருமிகளுக்கான ஊசிகள் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்துள்ளன. ஜப்பானிய மூளை அழற்சி பரவும் மாவட்டங்களில் அதற்கான ஊசியும் போடப்படுகிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் டாக்டர் ஒரு தாளில் முதுகெலும்பைப் படமாக வரைந்து, ஊசி செல்லும் இடத்தைக் காட்டினார். நானும் இம்முறை, “முதுகிலே ஊறும் நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள், வேறொன்றும் இல்லை” என்றேன். தகப்பனார் கையெழுத்திட்டார். காசநோய் என்று தெரிந்தது. ஓராண்டு மருந்து உண்டு, பையன் பிழைத்தான், பள்ளிக்கும் போகிறான். ஆனால் இடக்காது கேட்பதில்லை. வீணான அந்த ஒரு நாளில் அது போயிற்றா, அதற்கு முன்பே போயிற்றா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இனி ஒரு வீட்டில் டாக்டர் முதுகு நீரைக் கேட்கும்போது, அந்த வீட்டார் அஞ்சாமல் சம்மதிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.