சீனரின் டிராகன் படகு விழா

ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சியது, எவரைப் போற்றியது என்பவற்றை அதன் வரலாற்று நூல்களிலும் பார்க்க அதன் விழாக்களிலே தெளிவாகக் காணலாம். சீன மக்கள் தமது சந்திரமான நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளிற் கொண்டாடும் துவான்வூ விழா இதற்குத் தக்க சான்றாகும். பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும் இவ்விழாவே பிறநாட்டாரால் டிராகன் படகு விழா என வழங்கப்படுகின்றது.

ஐந்தாம் மாதம் கோடை முதிருங் காலம். வெப்பமும் ஈரமும் மிகும், நோய்கள் பரவும், பாம்பு, தேள், பூரான் முதலியன வெளிப்படும். ஆதலாற் பழஞ்சீனர் அதனைத் தீய மாதம் என்றனர். ஐந்தாம் நாளிற் பிறந்த குழந்தை பெற்றோருக்குக் கேடு விளைக்கும் என்றும் நம்பினர். வரலாற்றாசிரியர் சீமா சியென் இது பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். அந்நாளிற் பிறந்த மகனை வளர்க்கலாகாதெனப் பிரபு ஒருவர் கட்டளையிட்டார். தாயோ மறைவாக வளர்த்தாள். மகன் வளர்ந்து தந்தைமுன் நின்றபோது, கதவின் உயரத்தை எட்டும் அத்தகைய பிள்ளையாற் பெற்றோருக்குத் தீங்கு வரும் என்றார் தந்தை. மனிதனின் விதியை வகுப்பது வானமா, வாயிற்கதவா என வினவினான் மைந்தன்; கதவேயாயின் அதனை உயர்த்திக் கட்டினாற் போதுமே என்றான். இவனே பின்னர் மெங்சாங் பிரபு எனப் புகழ்பெற்றான்.

இவ்வச்சத்திலிருந்தே விழாவின் பழைய வழக்கங்கள் தோன்றின. வசம்பையும் மாசிபத்திரி இனத்து மூலிகையையும் வாயிலிலே தொங்கவிடுவர். குழந்தைகளின் கையில் ஐவண்ண நூல் கட்டுவர். நம் தாய்மார் பிள்ளை மருந்தாகப் போற்றும் அதே வசம்பு அங்கும் வீட்டுக்குக் காவலாயிற்று. மனோசிலை கலந்த மதுவை அருந்தும் வழக்கமும் இருந்தது. அக்கனியம் ஆசனிக்கு என்னும் நஞ்சு சேர்ந்ததாதலின் அதனை அருந்துதல் தீங்கானது.

இவ்விழாவோடு இன்று பிரியாது இணைந்துள்ள பெயர் சியூ யுவான் என்பதாகும். அவர் சூ நாட்டின் அமைச்சர், பெரும் புலவர். வலிமை மிக்க சின் நாட்டை நம்பலாகாதென அரசனுக்கு அறிவுறுத்தினார். பொறாமை கொண்டோர் கோள் மூட்டினர். அரசன் அவரை விலக்கினான். பின்வந்த அரசனோ நாடுகடத்தினான். கி.மு. 278இல் சூ நாட்டின் தலைநகர் சின் படைக்கு வீழ்ந்தது. மனமுடைந்த புலவர் கல்லைச் சுமந்து மீலுவோ ஆற்றிற் பாய்ந்து உயிர்நீத்தார் என்பது மரபு.

ஊரார் அவரைத் தேடிப் படகுகளில் விரைந்ததே படகுப் போட்டியாயிற்று என்பர். ஆற்றிலிட்ட சோறு பற்றியும் ஒரு கதை உண்டு. பல தலைமுறைகளுக்குப் பின், சாங்சா ஊரவர் ஒருவருக்குப் புலவரின் ஆவி தோன்றி, நீங்கள் படைக்கும் சோற்றை நீர்நாகம் கவர்ந்துவிடுகின்றது. மலைவேம்பிலையால் மூடி ஐவண்ண நூலாற் கட்டுங்கள் என்றதாம். இக்காலத்தில் மூங்கிலிலையிலோ நாணலிலையிலோ பசையரிசியைப் பொதிந்து அவித்துண்ணும் சொங்ஸி என்னும் பண்டத்துக்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகின்றது.

எனினும் எல்லா ஊரும் சியூ யுவானையே நினைப்பதில்லை. சூசோ வட்டாரத்தார், அரசனால் உயிர்விடுமாறு பணிக்கப்பட்டு, உடல் ஆற்றில் எறியப்பட்ட ஊ சூசூ என்னும் அமைச்சரை நினைப்பர். சாவோசிங் பகுதியார், நீரில் மூழ்கிய தந்தையைத் தேடித் தானும் ஆற்றிற் குதித்த சாவோ ஓ என்னும் சிறுமியைப் போற்றுவர். 1940களில் வென் யீதுவோ என்னும் அறிஞர், இவ்விழா சியூ யுவானுக்கு முற்பட்ட நாகவழிபாட்டில் வேரூன்றியது எனக் காட்ட முயன்றார்.

ஆகவே சடங்கு முந்தியது, கதை பிந்தியது எனல் பொருந்தும். ஆயின் அதனாற் கதையின் மதிப்புக் குறைவதில்லை. நோய்க்கும் நஞ்சுக்கும் அஞ்சிய நாளை மக்கள் நேர்மைக்காக இடருற்ற ஒருவரின் நினைவு நாளாக மாற்றினர். அவரைத் துரத்திய அரசருக்கு விழா இல்லை. துவான்வூ 2008 முதற் சீனாவிற் பொது விடுமுறை நாளாயிற்று. 2009இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயினும், ஆற்றிலே துடுப்புகள் ஒருசேர விழும் ஒலியில் ஒரு புலவரின் பெயர் நிலைத்து நிற்கின்றது.